அரசு வழக்கறிஞருக்கு யார் கற்பிப்பது?



சப்-இன்ஸ்பெக்டராகத் தேர்வாகும் ஓர் இளைஞரை ஏறத்தாழ ஓராண்டு பயிற்றுவித்த பிறகுதான் தனியாக ஒரு ஸ்டேஷனில் உட்கார வைக்கிறோம். உரிமையியல் நீதிபதியாகத் தேர்வாகிறவருக்கும் அவ்வளவு காலம் ஒதுக்குகிறோம். இந்த இருவருக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார். முதலாமவர் சேர்த்துத் தந்த சான்றுகளை எடுத்து, இரண்டாமவர் முன்னால் வைத்து, ‘இது நடந்தது, இவர்தான் செய்தார்’ என்று ஐயமறக் காட்ட வேண்டியவர் அவர். அரசு வழக்கறிஞர். அவருடைய பயிற்சிக்கு நாம் ஒதுக்கும் காலமும் பணமும் மற்ற இருவருக்கும் ஒதுக்குவதன் அருகே கூட வருவதில்லை. இன்று நான் பேச வந்தது இதைப் பற்றி மட்டும்தான்.

நான் எதிரித் தரப்பில் நெடுங்காலம் நின்றவன். அரசுத் தரப்பிலும் சில ஆண்டுகள் நின்றிருக்கிறேன். (குற்றம் சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றங்களில் எதிரி என்றுதான் எழுதுகிறோம். இங்கே வந்திருக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.) அந்த இரண்டு மேசைகளிலும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

முதலில், அரசு வழக்கறிஞர்கள் எந்த வழியாக வருகிறார்கள்? இரண்டு வாசல்கள் இருக்கின்றன. நடுவர் நீதிமன்றத்தில் நிற்கும் உதவி அரசு வழக்கறிஞர், நாம் ஏ.பி.பி. என்கிறோமே, அவர் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வை எழுதி வருகிறார். குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு தொழில் நடத்தியிருக்க வேண்டும். அமர்வு நீதிமன்றத்தில் நிற்பவர் வேறு வாசல் வழியே வருகிறார். வழக்கறிஞர்களிலிருந்து அரசு நியமிக்கிறது. ஏழாண்டு தொழில் அனுபவம் போதும் என்கிறது சட்டம். ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறுவார் என்பது இந்த அவையில் யாருக்கும் புதுச் செய்தி அல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள், இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18ஆம் பிரிவையும் படித்துப் பாருங்கள். எத்தனை ஆண்டு அனுபவம் என்று எழுதியிருக்கிறது. என்ன பயிற்சி என்று ஒரு வரி இல்லை.

அனுபவமே பெரிய ஆசான், இவர்களுக்கு எதற்கு வகுப்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் மதிக்கும் மூத்தவர்களே கேட்டிருக்கிறார்கள். எதிரிக்காக ஏழு ஆண்டு வழக்கு நடத்தியவர் எதைக் கற்றிருக்கிறார்? வழக்கில் ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கற்றிருக்கிறார். ஒரே ஒரு ஓட்டை கிடைத்தால் அவருக்குப் போதும். அரசுத் தரப்புக்கு வந்த அன்றே அவர் செய்ய வேண்டிய வேலை தலைகீழாக மாறிவிடுகிறது. முதல் தகவல் அறிக்கையிலிருந்து தடய அறிவியல் அறிக்கை வரை ஒன்று விடாமல் கோக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணியும் அறக் கூடாது. இந்த வேலையை அவர் எங்கே பழகியிருப்பார்? பிறருடைய வழக்கில்தான் பழக வேண்டும். அந்தப் பிறர், மகளைப் பறிகொடுத்த ஒரு தாயாக இருப்பார்.

திருமங்கலத்திலோ மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு நடுவர் நீதிமன்றத்தில் காலையில் போய் உட்காருங்கள். பத்தரை மணிக்குள் மேசை நிறையக் கட்டுகள். ஜாமீன் மனுவுக்கு ஆட்சேபம் சொல்ல வேண்டும், ரிமாண்டுக்கு வந்தவரைப் பார்க்க வேண்டும், கோர்ட் கான்ஸ்டபிள் கொண்டு வந்த சி.டி. ஃபைலை, அதாவது வழக்கு நாட்குறிப்பை, புரட்ட வேண்டும். பேரையூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த சாட்சி வராந்தாவில் நிற்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த ஒரு வெட்டுச் சம்பவத்தைச் சொல்ல வந்திருக்கிறார். அரசு வழக்கறிஞர் அவர் முகத்தைப் பார்ப்பதே சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகுதான்.

ஏறியதும் என்ன நடக்கிறது? சாட்சி ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்கிறார். உடனே பிறழ்சாட்சியாகக் கருத அனுமதி கேட்கப்படுகிறது, அனுமதி கிடைக்கிறது. பிறகு ஒரு பாடம் ஒப்பிக்கப்படும். ‘போலீஸ் விசாரணையில் இன்னின்னவாறு சொன்னீர்கள், இப்போது எதிரிக்கு உதவும் பொருட்டு மாற்றிச் சொல்கிறீர்கள் என்றால்?’ ‘சரியல்ல.’ அவ்வளவுதான், சாட்சி இறங்கிவிடுவார். தமிழ்நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் இந்த இரண்டு வரிகளை நீங்கள் கேட்கலாம். பிறழ்ந்த சாட்சியின் வாக்குமூலம் முழுவதும் அழிந்துபோவதில்லை, நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பகவான் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. சம்பவ இடத்தில் இருந்ததை அவர் ஒப்புக்கொள்கிறாரா, காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதை ஒப்புக்கொள்கிறாரா, மகஜரில் உள்ள கையெழுத்து அவருடையதுதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினால் பாதி வழக்கு நிற்கும். அப்படிக் கேட்பது ஒரு கலை. சொல்லிக் கொடுத்தால் வரும். சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

சாட்சி பிறழ்ந்தாலும் திறமையாக நடத்தினால் வழக்கு நிற்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. கோகுல்ராஜ் கொலை வழக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழி ஒருவருடன் போனவர் கடத்தப்பட்டார். அடுத்த நாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடைத்தார். நாமக்கல் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது, கடைசியாக அவருடன் இருந்த அந்தத் தோழியே பிறழ்சாட்சி ஆனார். நேரில் பார்த்தவர் கைவிட்டால் வழக்கு முடிந்தது என்பதுதான் வழக்கமான கணக்கு. ஆனால் கோகுல்ராஜின் தாயார் விடவில்லை. வழக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்றவும், தான் நம்பும் வழக்கறிஞரை நியமிக்கவும் கேட்டுப் போராடினார். 2019இல் வழக்கு மதுரைக்கு, இங்குள்ள வன்கொடுமைத் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்துக்கு வந்தது. பவானியைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக நடத்தினார்.

அந்த வழக்கு எப்படி நின்றது என்பதை மாணவர்கள் ஆழ்ந்து படிக்க வேண்டும். கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் பேசின. அவற்றை முறைப்படி நிரூபிக்க வேண்டியிருந்தது. பதிவை எடுத்தது யார், எதில் எடுத்தார், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, சட்டம் கேட்கும் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் எதிரித் தரப்பு மறிக்கும். மறிப்பது அவர்களுடைய கடமை. அந்த மறிப்பையெல்லாம் தாண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை வைத்து, சூழ்நிலைச் சான்றுகளால் வழக்கு நிறுவப்பட்டது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை, ஐந்து பேர் விடுதலை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோட்டுக் கோயிலுக்கே நேரில் போய் இடத்தைப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று வந்த தீர்ப்பில் பெரும்பாலோரின் ஆயுள் தண்டனை உறுதியானது.

தலைசிறந்த வழக்கறிஞர் கிடைத்ததால் அந்தத் தாய்க்கு நீதி கிடைத்தது. அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு தாய் போராடித் தேடிக் கொண்டுவர வேண்டிய தரம், எந்த நீதிமன்றத்திலும் எந்தத் தாய்க்கும் கேட்காமலே கிடைக்க வேண்டிய தரம் அல்லவா? மேலவளவை நினைத்துப் பாருங்கள். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு சேலத்தில் நடந்து, 2001இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஊருக்குள் பேச அஞ்சிய சாட்சிகளை வைத்துக்கொண்டு நடந்த வழக்கு அது. 2007 மே 9 அன்று இதே மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். 2009இல் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தத் தீர்ப்பை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2019இல். இடையில் போன பத்தாண்டை அந்த வீடுகளுக்கு யார் திருப்பித் தர முடியும்?

இந்த இடத்தில் ஒரு தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். 2014 ஜனவரி 7, குஜராத் அரசு எதிர் கிஷன்பாய். காந்திநகரில் ஆறு வயதுப் பெண் குழந்தை சீரழிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கு. புலனாய்விலும் வழக்கு நடத்தியதிலும் இருந்த குறைகளை உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சி.கே.பிரசாத்தும் ஜே.எஸ்.கேஹரும் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார்கள். குற்றவாளி என்று தீர்மானிக்கச் சான்று போதவில்லை என்று விடுதலையை உறுதி செய்தார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாநிலமும் விடுதலைத் தீர்ப்புகளை ஆராய, காவல் துறையும் வழக்குத் தொடர்வுத் துறையும் சேர்ந்த மூத்த அதிகாரிகளின் நிலைக்குழுவை அமைக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆய்வில் வெளிப்படும் தவறுகளைக் கொண்டே இளநிலை அதிகாரிகளுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும் பாடத்திட்டம் எழுத வேண்டும், பாடத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்றார்கள். நமக்கு வேறு பாடநூல் தேவையில்லை. நம் மாவட்டத்தின் விடுதலைத் தீர்ப்புகளே பாடநூல். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் நீதிமன்றங்களில் ஓராண்டில் வரும் விடுதலைத் தீர்ப்புகளைக் கட்டி வைத்துப் பத்துப் பேர் உட்கார்ந்து படித்தால், எங்கே விழுகிறோம் என்று தெரிந்துவிடும்.

பயிற்சியே இல்லையென்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாதெமி சென்னையில் இருக்கிறது, கோவையிலும் நம் மதுரையிலும் மண்டல மையங்கள் உண்டு. அங்கே அரசு வழக்கறிஞர்களுக்கும் அவ்வப்போது வகுப்புகள் நடக்கின்றன. டெல்லியில் 1972இல் தொடங்கிய குற்றவியல் மற்றும் தடய அறிவியல் நிறுவனம் 2020 முதல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இயங்குகிறது. ஐதராபாத்தில் மத்தியத் துப்பறிவுப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. சி.பி.ஐ. தன் ஆட்களுக்குக் காசியாபாத்தில் அகாதெமி வைத்திருக்கிறது. நல்ல நிறுவனங்கள். ஆனால் அவை பெரும்பாலும் நீதிபதிகளுக்காகவோ போலீசுக்காகவோ எழுந்தவை. அரசு வழக்கறிஞர் எல்லா இடத்திலும் விருந்தாளி. இரண்டு நாள், மூன்று நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டு, தேங்கிக் கிடக்கும் கட்டுகளுக்குத் திரும்புகிறார்.

2024 ஜூலை 1 முதல் நிலைமை இன்னும் நெருக்கடியாகிவிட்டது. மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்குகள் பழைய நடைமுறைச் சட்டப்படி தொடர்கின்றன, பழைய குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம். ஆகவே ஒரே காலை நேரத்தில் ஒரே அரசு வழக்கறிஞர், ஒரு கொலை வழக்கில் 302 என்றும் அடுத்த கொலை வழக்கில் 103 என்றும் வாதிட வேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வருவது படிப்படியாகக் கட்டாயமாகிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் இப்போது இரண்டு பகுதி, இரண்டாம் பகுதியில் வல்லுநர் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹேஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். ஒரு கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதை நீதிபதிக்கு எளிய தமிழில் விளக்கத் தெரியாத அரசு வழக்கறிஞர், எதிரித் தரப்பின் முதல் கேள்வியிலேயே தடுமாறுவார். செல்போன் இல்லாத குற்ற வழக்கு இன்று எத்தனை இருக்கிறது?

வட்டாரத்துக்கு என்று தனிப் பாடமும் உண்டு. உசிலம்பட்டி, தேனிப் பக்கம் கஞ்சா வழக்கு நடத்துகிறவருக்கு, இருபது கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு என்பது தெரிந்தால் மட்டும் போதாது. போதைப்பொருள் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி உடல் சோதனைக்கு முன் உரிமையைச் சொன்னார்களா, 52ஏ பிரிவுப்படி நடுவர் முன் மாதிரி எடுத்தார்களா என்று குற்றப்பத்திரிகை வரும் முன்பே பார்த்துத் திருத்தச் சொல்ல வேண்டும். விசாரணையில் பார்த்தால் காலம் கடந்துவிடும். மேலூர் கிரானைட் விவகாரம் போன்ற வழக்குகளில் சர்வே எண்ணும் குத்தகை ஆவணமும் கணக்குப் புத்தகமும்தான் சாட்சி. இவற்றைப் படிக்க எந்தச் சட்டக் கல்லூரியும் கற்பிப்பதில்லை.

நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுவது சாட்சியிடம் பேசும் பயிற்சியை. நம் கிராமத்து மனிதர் மணி சொல்ல மாட்டார், ‘மாடு திரும்புற நேரம்’ என்பார். மீட்டர் சொல்ல மாட்டார், ‘கூப்பிடு தூரம்’ என்பார். குறுக்கு விசாரணையில் அந்தக் கூப்பிடு தூரத்தை ஐம்பது அடியாகவும் ஐந்நூறு அடியாகவும் ஆக்கிக் குழப்புவது எளிது, நானே செய்திருக்கிறேன், அது என் வேலை. முதல் விசாரணையிலேயே ‘இந்தக் கோர்ட்டு வாசல்லருந்து எவ்வளவு தூரம்னு கையக் காட்டுங்கய்யா’ என்று கேட்டுப் பதிவாக்கியிருந்தால் என் கேள்விக்கு இடமே இருந்திருக்காது. சாட்சிக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று கற்பிப்பது குற்றம். கூண்டில் எங்கே நிற்க வேண்டும், யார் யார் கேள்வி கேட்பார்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்று விளக்கி அச்சத்தைப் போக்குவது கடமை. இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று இளம் ஏ.பி.பி. யாரிடம் கேட்பார்? போக்சோ வழக்கில் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கவே முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்குப் புரியும் சொற்களில் கேள்வியை எழுதித் தரத் தனிப் பயிற்சி வேண்டாமா?

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். அரசு வழக்கறிஞரின் வெற்றி தண்டனை எண்ணிக்கையில் இல்லை. எப்படியாவது தண்டனை வாங்க வேண்டும் என்ற தாகம் அவருக்குக் கூடாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1999இல் சிவகுமார் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. எதிரிக்குச் சாதகமான ஆவணம் கட்டில் இருந்தால் அதை மறைக்காமல் முன்வைக்க வேண்டியவர் அவர்தான். ஒரு காலத்தில் நடுவர் நீதிமன்றங்களில் ப்ராசிகியூட்டிங் இன்ஸ்பெக்டர்களே வழக்கு நடத்தினார்கள். அந்தப் பணியைப் போலீசிடமிருந்து பிரித்ததன் நோக்கமே இந்த நடுநிலைதான். பயிற்சியில்லாதவர் போலீஸ் கொடுத்ததை அப்படியே வாசிப்பார். பயிற்சி பெற்றவருக்குத்தான் ‘இந்தக் குற்றப்பத்திரிகை நிற்காது’ என்று ஆய்வாளரிடம் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு வரும். நிரபராதிக்கும் அவர்தான் முதல் காவல்.

1990இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்ற நெறிமுறைகள், வழக்குத் தொடுப்பவர்களுக்குத் தக்க கல்வியும் பயிற்சியும் தருவது அரசின் கடமை என்கின்றன. பிரான்சில் போர்தோ நகரில் நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் ஒரே பள்ளியில் பயில்கிறார்கள். ஜப்பானில் நீதிபதி, அரசு வழக்கறிஞர், தனி வழக்கறிஞர் மூவருக்குமே ஒரே பயிற்சி, நீதிமன்றத்திலும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலும் வழக்கறிஞர் அலுவலகத்திலும் மாறி மாறி. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் படித்தால் ஒருவர் வேலை மற்றவருக்குப் புரியும் என்பது மட்டும் எங்கும் பொருந்தும்.

ஆகவே என் கோரிக்கை இது. அரசு வழக்கறிஞர்களுக்கென்றே நிரந்தரப் பயிற்சி மையம் ஒன்று மதுரையில் வர வேண்டும். ஏன் மதுரை? 2004 ஜூலை முதல் உயர் நீதிமன்றக் கிளை இங்கே இருக்கிறது. வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இங்கே இருக்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனையில் தென்மாவட்டங்களின் பிரேதப் பரிசோதனைகள் நடக்கின்றன. அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, நீதித்துறை அகாதெமியின் மண்டல மையம் இருக்கிறது. எல்லாம் ஒரு டவுன் பஸ் தூரம். தேர்வாகி வரும் உதவி அரசு வழக்கறிஞர் ஆறு மாதம் இங்கே பயிலட்டும். தடயவியல் மருத்துவரின் அருகே நின்று, வெட்டுக்காயத்துக்கும் கிழிகாயத்துக்கும் வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கட்டும். ஆய்வகத்தில் ஒரு மாதிரி எப்படி வருகிறது, எங்கே சீல் கெடுகிறது என்று பார்க்கட்டும். ஒரு ஸ்டேஷனில் இரவுப் பணி பார்க்கட்டும். சட்ட உதவி வழக்கறிஞரோடு போய்ச் சிறையில் எதிரியின் பேச்சையும் கேட்கட்டும். மாதிரி நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியை விசாரித்துக் காட்டாமல் யாரும் வெளியே போகக் கூடாது. அமர்வு நீதிமன்றத்துக்கு அரசு நியமிக்கிற வழக்கறிஞர் எந்த ஆட்சியில் வந்தவராயினும், முதல் கொலை வழக்கைத் தொடும் முன் ஒரு மாதம் இங்கே இருந்தாக வேண்டும் என்று விதி எழுதப்பட வேண்டும். பணியில் இருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு வாரம் வரட்டும், அந்த இரண்டு வாரத்துக்கு அவர்கள் நீதிமன்றத்துக்கு மாற்று ஆளை அனுப்பட்டும். மாற்று ஆள் இல்லாமல் வைக்கும் பயிற்சி வகுப்பு, பெயருக்கு நடக்கும் வகுப்பு.

ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஓய்வு பெற்ற அமர்வு நீதிபதிகள் இந்த ஊரிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்! அரை நூற்றாண்டு எதிரித் தரப்பில் நின்ற மூத்தவர்கள், தாங்கள் எந்த ஓட்டையில் நுழைந்தோம் என்று சொல்லிக் கொடுத்தால் அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. அந்தக் கூடத்தில் கற்பிக்க அழைத்தால் ஊதியம் வாங்காமல் வர நான் தயார். இந்த அவையில் இன்னும் பலர் வருவார்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

மதுரை வழக்கறிஞர் சங்கங்கள் இதை ஒரு தீர்மானமாக நிறைவேற்றி உள்துறைச் செயலருக்கும் வழக்குத் தொடர்வுத் துறை இயக்குநருக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மையம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அமர்வு நீதிமன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. வாரம் ஒரு நாள் போய் உட்காருங்கள், ஒரு சாட்சியை முதல் விசாரணையிலிருந்து மறு விசாரணை வரை கேளுங்கள், வெளியே வந்து ஒரு விடுதலைத் தீர்ப்பை எடுத்து முழுவதும் படியுங்கள். உங்களில் சிலர் நாளை அந்த மேசைக்குப் போக வேண்டும்.